பாலத்துக்கு அடியில பஸ்ஸுக்குத் தனித் தடம்: மனுவுல என்ன கேக்கோணும்?

கீழ்ரோடு:

வணக்கமுங்க. கோயமுத்தூர் அவினாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கி.மீ. மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்தாச்சு. தூரம் போற வண்டிக மேல ஏறிருது. டவுன் பஸ்ஸுக்கு ஸ்டாப்பிங் எல்லாம் கீழ இருக்கறதால கீழயேதான் ஓடியாகோணும். மெட்ரோ திட்ட அறிக்கையும் 20 லட்சம் மக்கள்தொகை வரம்பைக் காட்டி 2025 நவம்பர்ல டெல்லியில இருந்து திரும்பி வந்திருச்சு. இனி பஸ்ஸுதான் கதின்னு, கீழ் ரோட்டுல இடது ஓரத் தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கச் சொல்லி குடியிருப்போர் சங்கங்க சேர்ந்து மனு எழுதறோம். கடைக்காரங்க "வண்டி நிறுத்த இடம் போயிரும், யாவாரம் படுத்துரும்"ங்கறாங்க.

கேள்வி ரெண்டு. முழு நீளத்துக்கும் கேக்கறது சரியா? யார்கிட்ட, எந்தச் சட்டத்துல கேக்கோணும்?

ரெட்டைவிசில்:

முழு நீளத்துக்கும் கேட்டீங்கன்னா முதல் கூட்டத்துலயே அடிபட்டுப் போகும். கணக்கு ஒத்து வராதுங்க.

மூணரை மீட்டர் தடம் ஒண்ணு, சிக்னல்ல பச்சை விடாம எரிஞ்சா மணிக்கு சுமாரா 1,850 கார் விடும். சிக்னல் ஒரு சுத்து சுத்தி வர்ற நேரத்துல (சுத்து நேரம்) 40 சதம்தான் பச்சைன்னா 740 கார். நம்மூருக்கு ஏத்தாப்ல முழுக்க டூவீலர்னே வெச்சுக்குவோம். ரெண்டு டூவீலர் ஒரு காருக்குச் சமம்னா 1,480 வண்டி, வண்டிக்கு 1.3 பேர்னு போட்டா 1,900 பேருக்குக் கொஞ்சம் மேல. அதே தடத்துல பஸ் மட்டும் ஓடி, பஸ்ஸுக்கு 50 பேர்னா, மணிக்கு 38 பஸ் வந்தாத்தான் சரிக்குச் சரி. அதுக்கு மேல பஸ் வர்ற துண்டுல தனித் தடம் கேளுங்க. அதுக்குக் கீழ இருக்கற துண்டுல கேட்டா, காலித் தடத்தை போட்டோ புடிச்சுப் போட்டே உங்க மனுவை முடிச்சுருவாங்க.

எண்ணறதுக்கு மிஷின் ஒண்ணும் வேண்டாம். காலைல எட்டேகால்ல இருந்து ஒம்பதேகால் வரைக்கும் ஸ்டாப்பிங்குக்கு ரெண்டு பேர் நின்னாப் போதும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் நாலு நேரம் குறிங்க: வரிசையோட வால்ல வந்து சேர்ந்தது, ஸ்டாப்பிங்ல நின்னது, கடைசி ஆள் ஏறினது, நகர்ந்தது. கூட்டத்துக்கு நாலே குறி: சீட்டு காலி, சீட்டு ஃபுல், நிக்கறாங்க, படியில தொங்கறாங்க. ஒரே நாள் எண்ணிட்டு வந்துராதீங்க. செவ்வாய், புதன், வியாழன் மூணு நாளும் எண்ணுங்க. திங்களும் முகூர்த்த நாளும் கணக்கைக் கெடுக்கும்.

அந்த நாலு நேரத்துல மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல எவ்வளவு போகுதுன்னு பாத்தாத்தான் உங்க நோய் தெரியும். நிழற்குடைக்கு முன்னாடி ஒரு ஆட்டோ, பின்னாடி சரக்கு இறக்கற குட்டியானை ஒண்ணு நின்னா, பஸ்ஸு ஒட்டி நிக்க முடியாது. மூக்கை மட்டும் உள்ள விட்டுச் சாஞ்சு நிக்கும். 12 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம் இருக்கற பஸ் 20 டிகிரி சாஞ்சு நின்னா, அதோட வால் நடைபாதை ஓரத்துல இருந்து ஆறரை மீட்டர் வெளிய நீட்டும். ரெண்டு தடம் அடைச்சாச்சு. அப்பறம் பின்னாடி நிக்கறவன் எல்லாம் "பஸ்காரன் திமிரப் பாரு"ன்னு ஹாரன் அடிப்பான்.

ஒரு பஸ் நேரா ஒட்டி நிக்கோணும்னா, நுழைய 18 மீட்டர், நிக்க 12, வெளிய எடுக்க 10, ஆக 40 மீட்டர் காலியா இருக்கோணும். ரெண்டு பஸ் ஒண்ணா வர்ற ஸ்டாப்பிங்குக்கு 55. மனுவுல முதல் கோரிக்கையா இதையே போடுங்க: ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் இத்தனை மீட்டர், மஞ்சக் கோடு, ஆட்டோ ஸ்டேண்டை அந்தப் பக்கச் சந்துக்குள்ள நகர்த்தறது. ஆட்டோவை வெறுமனே தொரத்துனா நாலாம் நாள் அங்கயே வந்து நிக்கும். அவிகளுக்கு இடம் காட்டித்தான் நகர்த்தோணும்.

பர்மிட்டு:

ரெண்டாவது கேள்விக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115. ஒரு ரோட்டுலயோ பகுதியிலயோ குறிப்பிட்ட வகை வண்டியைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் இதுல உரிமை இருக்கு. காரணமா "பொதுமக்கள் பாதுகாப்பு அல்லது வசதி"ன்னு சட்டத்துலயே இருக்கு. மனுவுல அதே வார்த்தையைப் போடுங்க. போர்டு வெக்கறதுக்கு 116. பஸ் எங்க நிக்கோணும், மத்த வண்டி எங்க நிக்கலாம்ங்கறது 117. இதை உள்ளாட்சியோட கலந்து முடிவு பண்ணோணும், அதனால மாநகராட்சிக்கும் ஒரு நகல் போகோணும். மனு மாநகர போலீஸ் கமிஷனருக்கு. நகல் நெடுஞ்சாலைத் துறைக்கும், கலெக்டர் தலைமையில நடக்கற சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும்.

பிரிவு 115-ல இன்னொரு வசதி இருக்குதுங்க. கட்டுப்பாடு ஒரு மாசத்துக்கு மேல போகாதுன்னா அரசிதழ்ல போட வேண்டியதில்லை, உள்ளூர்ல விளம்பரம் பண்ணினாப் போதும். அதனால நிரந்தரமாக் கேக்காம 30 நாள் சோதனைன்னு கேளுங்க. அதிகாரிகளுக்கும் சரின்னு சொல்ல லேசா இருக்கும், கடைக்காரங்க கோபமும் பாதி இறங்கும்.

ரெட்டைவிசில் அண்ணன் தொடாத ஒண்ணைச் சொல்றேன். நம்மூர் டவுன் பஸ்ஸுல தனியாரும் உண்டு. டிரைவர், கண்டக்டர் பேட்டா கலெக்‌ஷனைப் பொறுத்தது. பின்னாடி பஸ் வர்ற வரைக்கும் ஸ்டாப்பிங்ல உருட்டிக்கிட்டே நிப்பாங்க. கண்ணாடியில அது தெரிஞ்சதும் விசில் ஊதி அடிச்சுப் புடிச்சு ஓடுவாங்க. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல இருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸுல மட்டுந்தான். கட்டணம் கொடுக்கற ஆளைப் புடிக்க தனியாருக்குப் போட்டி இன்னும் ஜாஸ்தி. தனித் தடம் போட்டுக் கொடுத்தா, அதுல முதல்ல நின்னு வழியை அடைக்கறதே பஸ்ஸாத்தான் இருக்கும்! பின்னாடி வர்ற பஸ் தாண்டக்கூட முடியாது.

இதுக்கு மருந்து பர்மிட்டுல இருக்கு. பிரிவு 72-ல பர்மிட்டுக்கு நேர அட்டவணையை நிபந்தனையாப் போடலாம். மீறினா 86-ல பர்மிட்டையே நிறுத்தி வெக்கலாம். காந்திபுரத்துல கிளம்பற நேரத்தை மட்டும் டைம் கீப்பர் பாத்தாப் பத்தாது. நடுவுல லட்சுமி மில், ஹோப் காலேஜ் மாதிரி ரெண்டு இடத்துலயும் நேரம் குறிக்கச் சொல்லிக் கேளுங்க.

ராஜவீதி யாவாரி:

கடைக்காரங்களை வில்லனாக்கி எழுதறீங்க, அதனால எங்க பக்கக் கணக்கையும் கேளுங்க. கடை முன்னாடி ஒரு கார் நிக்க 5 மீட்டர் வேணும். பாதிக் கடையில காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த 5 மீட்டர்ல நிக்கறது முதலாளி காருதான், வாடிக்கையாளர் காரு இல்ல. இதை நான் சொன்னா சங்கத்துல திட்டுவாங்க, இருந்தாலும் நெசம் அதுதான். அதனால "பார்க்கிங் போகுது"ங்கற கத்தலைப் பெருசா எடுத்துக்காதீங்க.

லோடு மட்டும் வேற விசயம். சரக்கு இறக்க வழி இல்லாம தடை போட்டா, குட்டியானை ஸ்டாப்பிங்குலயே வந்து நிக்கும். வேற எங்க போகும்? ஒரு வண்டிக்கு 6 மீட்டர் நீளம், ரெண்டேகால் மீட்டர் அகலத்துல பக்கச் சந்துல கட்டம் போடுங்க, முக்கு திரும்பினதும் 10 மீட்டர் விட்டு. முக்குலயே போட்டா திரும்பற வண்டி மாட்டிக்கும். பஸ் தடத்துக்கு நேரம் காலைல 8-ல இருந்து பத்தரை, சாயங்காலம் 4-ல இருந்து 8. நடுப்பகல்ல இறக்கிக்கறோம். நாள் முழுக்கக் கேட்டீங்கன்னா நாங்களும் கோர்ட்டுக்குப் போவோம்.

இன்னொண்ணு, தீபாவளி நேரத்துல வண்டிகளுக்குப் போடற கட்டுப்பாட்டை உதாரணமாக் காட்டாதீங்க. ஒப்பணக்கார வீதியிலயும் கிராஸ்கட் ரோட்டுலயும் அந்த நாலஞ்சு நாள் ஜனம் நடந்தே வரும், எத்தனை தூரம்னாலும். சாதா செவ்வாய்க்கிழமை அப்படி வராது.

கீழ்ரோடு:

ரொம்ப நன்றிங்க. ஸ்டாப்பிங்கையும் 30 நாள் சோதனையையும் முன்னாடி வெச்சு மாத்தி எழுதறோம். ஓரத் தடத்துக்குப் பதிலா நடுவுல, மீடியனை ஒட்டி, அகமதாபாத் மாதிரி போட்டா ஆட்டோ, லோடு பிரச்னையே வராதேன்னு ஒருத்தர் கேக்கறார். அப்படிக் கேக்கலாமா?

ரெட்டைவிசில்:

நடு மீடியன்ல பாலத்துத் தூண் நிக்குதுங்க. அகமதாபாத்துல 2009-ல நடுவுல நிலையம் கட்டி, அதுக்குன்னே வலது பக்கம் கதவு வெச்ச பஸ்ஸை விட்டாங்க. நம்ம பஸ்ஸுக்கு இடது பக்கந்தான் கதவு. போதாததுக்கு, பாலத்துல ஏறி இறங்கற சாய்தளம் தரை தொடற இடத்துல ரோடு ஒடுங்குது. டெல்லியில 2008-ல 5.8 கி.மீ. நடுத்தடம் போட்டாங்க, சிக்னல்ல பஸ்ஸுக்குத் தனி முறை, மத்த வண்டிக்குத் தனி முறைன்னு சுத்து நேரம் நீண்டு போச்சு, பஸ்ஸுல ஏற ஜனம் ரோட்டைத் தாண்டோணும். 2016-ல இடிச்சே போட்டாங்க. பெங்களூர் 2019-ல வெளிவட்டச் சாலையில இடது ஓரமாத்தான் குட்டித் தூண் நட்டுப் பண்ணினாங்க. உங்களுக்கு அது பக்கம்.

ஓரத் தடம் கிடைச்சா ரெண்டு எடத்துல கவனம். இடது பக்கம் திரும்பற வண்டி பஸ் தடத்தை வெட்டித்தான் போகும். முக்குக்கு 40, 50 மீட்டர் முன்னாடியே முழுக்கோட்டை விட்டு விட்டுப் போடற கோடா மாத்தச் சொல்லுங்க. மாத்தலைன்னா திரும்பறவன் முக்குல வந்து பஸ்ஸுக்குக் குறுக்க விழுவான். ரெண்டாவது யூ-டர்ன். சிக்னலை எடுத்துட்டு யூ-டர்ன் வெச்ச இடத்துல பஸ்ஸுக்குத் திரும்ப 22-ல இருந்து 24 மீட்டர் அகலம் வேணும். தன் தடம் மூணரை, மீடியன் நாலு, எதிர் ரோடு பத்தரைன்னா மொத்தமே 18. பஸ்ஸு ஒரே மூச்சுல திரும்பாது, பின்னாடி எடுத்துத்தான் திருப்போணும், அதுக்குள்ள ரெண்டு பக்கமும் நின்னுரும். வலது பக்கம் போற ரூட் பஸ் எதுவும் அந்த யூ-டர்ன்ல திரும்பாம, அடுத்த சிக்னல் வரைக்கும் விடச் சொல்லி ரூட் நம்பரோட எழுதிக் கொடுங்க.

பர்மிட்டு:

ஒரு சின்னது விட்டுப் போச்சு. தடம் முழுக்க செவப்பு பெயிண்ட் கேக்காதீங்க. மழை பெஞ்சா டூவீலர் வழுக்கும். தடம் இல்லாத நேரத்துல அவிகதான் அதுல ஓட்டுவாங்க. ஓரக்கோடும், 50 மீட்டருக்கு ஒருக்கா "பஸ்"ன்னு எழுத்தும் போதும். தெர்மோபிளாஸ்டிக்ல, ரெண்டரை மில்லி தடிமன்ல கேளுங்க. சாதா பெயிண்ட் அடிச்சாங்கன்னா உங்க 30 நாள் முடியறதுக்குள்ள கோடு அழிஞ்சு, "கோடே தெரியலீங்க சார்"னு எல்லாரும் உள்ள வந்துருவாங்க.