முன்சக்கர பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாமா?

மலைப்பாதை:
என் நான்கு சக்கர இயக்க வண்டியில் வேகமாகச் செல்கையில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பெடலும் காலுக்கடியில் துடிக்கிறது. சக்கரத்தோடு சுழலும் முன் டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்தேன், 26.2 மி.மீ. இருக்கிறது. டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச அளவு 26 மி.மீ. என்பதால் கடைந்து சமப்படுத்த வழியில்லை. புதிய டிஸ்க்குகளையும் அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் வாங்கி வீட்டிலேயே மாட்ட எண்ணியுள்ளேன். இது சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைவாசி:
கூடாது என்பதே என் கருத்து. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்குகளே ஏற்கின்றன. இரண்டு டன் எடையுள்ள வண்டி இறக்கத்தில் வரும்போது அந்தச் சுமை முழுவதும் ஒரு சில போல்ட்டுகளின் இறுக்கத்தை நம்பித்தான் இருக்கிறது. பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை இது.

திருப்புளி:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரை எடுத்து, அதைத் தாங்கும் பிராக்கெட்டின் இரண்டு போல்ட்டுகளை நீக்கினால் டிஸ்க் கைக்கு வந்துவிடும். துருவால் ஒட்டிக்கொண்டிருந்தால், பல டிஸ்க்குகளில் அதற்கென்றே இருக்கும் மரையுள்ள துளைகளில் போல்ட்டைச் செலுத்தித் தள்ளலாம். காலிப்பருக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுவரும் குழாயான ஹோஸைக் கழற்றாதவரை உள்ளே காற்று புகாது. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைப்பதும், காலிப்பரிலுள்ள பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் கலத்திலிருந்து வழியாமல் பார்த்துக்கொள்வதும், போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவதும் பொறுமையுள்ள எவராலும் செய்யக்கூடியவை.

பட்டறைவாசி:
நீங்கள் சொல்வது, சக்கரம் மாட்டப்படும் மையப் பகுதியான ஹப்பின் மேல் செருகி நிற்கும் டிஸ்க்குக்குப் பொருந்தும். பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில் டிஸ்க், ஹப்பின் பின்புறம் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். அதை எடுக்க சக்கரத்தை முன் அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப்பைக் கழற்றி, பூட்டு நட்டுகளை நீக்கி, பேரிங்குகளோடு ஹப்பையே வெளியே இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது பேரிங்கின் இறுக்கம் கூடினால் அது சூடேறிக் கெடும். குறைந்தால் சக்கரம் ஆடும். வண்டி எந்த வகை என்று கேட்காமலேயே ‘எவராலும் முடியும்’ என்று எழுதுவது எனக்குக் கவலை தருகிறது.

மலைப்பாதை:
கையேட்டைப் பார்த்துவிட்டேன். என்னுடையது மேலே செருகும் வகைதான்.

பட்டறைவாசி:
அப்படியானாலும் முக்கியமான ஒன்று மிச்சமிருக்கிறது. ஹப்பின் முகத்தில் மெல்லிய துருப்படலம் இருந்தாலே போதும், டிஸ்க் சற்றே சாய்ந்து அமரும். மையத்தருகே மயிரிழையளவு இருக்கும் அந்தச் சாய்வு விளிம்பில் இன்னும் பெரிதாகும். பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தை உரசி, அந்த இடம் மெலியும். மாற்றிய அன்று வண்டி அருமையாக ஓடும்; சில ஆயிரம் கிலோமீட்டர் கழிந்ததும் பழைய நடுக்கம் திரும்பும். வெப்பத்தால் டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் நினைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

திருப்புளி:
இதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் இது வீட்டு வேலைக்கு எதிரான வாதமாகாது. ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, டிஸ்க்கை வாஷர் வைத்த சக்கர நட்டுகளால் இறுக்கி, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, டிஸ்க்கைச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நேர நெருக்கடியில் இயங்கும் பட்டறைகளில் இந்த அளவீடுதான் முதலில் கைவிடப்படுகிறது. சொந்த வண்டிக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவிட உரிமையாளர் தயங்கமாட்டார்.

நெடுஞ்சாலை:
இருவரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இன்ஜின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால், கியர் எதில் இருந்தாலும் வண்டி உருளும். எனவே கியரை நம்பாமல் பின்சக்கரங்களுக்கு இருபுறமும் தடுப்புக் கட்டைகள் வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; வேலை முடியும்வரை எடையைத் தாங்க வேண்டியவை ஸ்டாண்டுகள். புது டிஸ்க்கின் மேல் பூசியிருக்கும் துருத்தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுங்கள். பழைய பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அது நுரையீரலுக்குக் கேடு.

திருப்புளி:
நன்றி. வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நண்பரே. பிஸ்டன் பின்னுக்குப் போயிருப்பதால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.

பட்டறைவாசி:
வீட்டில்தான் செய்வேன் என்றால் ஒரு நிபந்தனை. டயல் கேஜ் காட்டும் ஆட்டம் கையேட்டின் வரம்பைத் தாண்டினால், அப்படியே மாட்டி ஓட்டாதீர்கள். டிஸ்க்கை ஒரு துளை திருப்பி வைத்து மறுபடி அளந்து பாருங்கள். எல்லா நிலைகளிலும் ஆட்டம் அடங்கவில்லையென்றால் ஹப்போ பேரிங்கோ கெட்டிருக்கக்கூடும். அப்போது பட்டறைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மலைப்பாதை:
டயல் கேஜ் கிடைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுகிறேன், ஐயா. இரண்டு பக்க அளவுகளையும் இங்கே பதிவிடுகிறேன்.