புதுப்பிப்பு: க்ரீம் திரியாத உருளைக்கிழங்கு கிராத்தான்

பிரெஞ்சு முறை உருளைக்கிழங்கு கிராத்தானில் (கிழங்கு வில்லைகளைக் க்ரீமில் சேர்த்து ஓவனில் வேகவைக்கும் உணவு) க்ரீம் ஏன் திரிந்து கொழுப்பு தனியாகப் பிரிகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, இப்போது அருமையாக வருகிறது.

ஓவன் சூட்டை 160 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்ததில் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மீதி, மாவுச்சத்தில் இருக்கிறது. கிழங்கை 3 மில்லிமீட்டர் வில்லைகளாகச் சீவிய பிறகு கழுவவே கூடாது. அந்த மாவுச்சத்துதான் க்ரீமைப் பிரியாமல் பிடித்து வைக்கிறது. ஒரு கிலோ கிழங்குக்குக் கொழுப்பு மிகுந்த க்ரீம் 300 மில்லி, பால் 200 மில்லி, பூண்டு, உப்பு, துளி ஜாதிக்காய்த் தூள். கிழங்கோடு சேர்த்து எல்லாவற்றையும் அடுப்பில் லேசாகக் கெட்டியாகும்வரை சூடாக்கி, அப்புறம் பேக்கிங் தட்டுக்கு மாற்றி ஓவனில் ஒரு மணி நேரம்.

க்ரூயேர் என்ற சுவிஸ் சீஸைக் கடைசி 20 நிமிடத்தில் மேலே தூவினால் போதும். இந்த உணவு பிறந்த, பிரான்ஸின் தோஃபினே பகுதியின் பழைய முறையில் சீஸ் இல்லை என்று ஒருவர் எழுதியது சரிதான். பக்கத்து சவோயாவில் போடுவார்கள். எனக்குச் சீஸோடுதான் பிடிக்கிறது. எடுத்தவுடன் வெட்டாதீர்கள். கால் மணி நேரம் ஆறினால் துண்டுகள் கலையாமல் வரும்.