மார்கரெட் ரிவர் வைன் தோட்டங்கள்: கூடவே குடிக்காத, சைவம் சாப்பிடும் அம்மா

செந்தூல்காரன்
வணக்கம் மக்களே. மார்ச் மாதம் நானும் மனைவியும் அம்மாவும் கோலாலம்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் போகிறோம். மனைவிக்கு வைன் பிடிக்கும், அந்தப் பக்கத்தில் வைனுக்குப் பேர்போன மார்கரெட் ரிவர் ஊருக்குப் போகணும் போகணும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்போதாவது ஒரு கிளாஸ், அவ்வளவுதான். அம்மா சுத்த சைவம், மது வாடையே ஆகாது, முழங்கால் வேறு தகராறு. பெர்த்திலிருந்து காலையில் கிளம்பி நாலைந்து தோட்டம் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடலாம் என்கிறார் மச்சான். முடியுமா? காடியை நான்தான் ஓட்டவேண்டும், ருசி பார்த்துவிட்டு ஓட்டலாமா? அம்மாவுக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா, இல்லை புளிச்சோறு கட்டிக்கொண்டு போகணுமா?

பங்சார் பையன்
மச்சான் பேச்சைக் கேட்காதீர்கள். பெர்த்திலிருந்து சுமார் 270 கிலோமீட்டர், ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். போய் இறங்கும்போது பாதி நாள் போயிருக்கும், பெரும்பாலான தோட்டங்கள் சாயங்காலம் நாலு ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடும். அதற்கப்புறம் இருட்டில் திரும்புவதுதான் பெரிய தலைவலி. பொழுது சாயும் நேரத்தில் கங்காரு ரோட்டுக்குக் குதித்து வரும், நம்மூர்ப் பக்கம் மாடு குறுக்கே வருவது போல் மெதுவாக எல்லாம் வராது. வாடகைக் காடி எடுக்கும்போது ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஊருக்கு வெளியே இருட்டியபின் மிருகத்தில் மோதினால் இன்சூரன்ஸ் இல்லை என்று சில இடங்களில் போட்டிருப்பார்கள். ஆகவே அங்கேயே இரண்டு ராத்திரி தங்குங்கள்.

ஓட்டுவது பற்றி: அங்கே ரத்தத்தில் மது அளவு 0.05 சதவீதம் தாண்டக்கூடாது, நம் மலேசியாவிலும் 2020ல் சட்டம் திருத்தியபிறகு அதே அளவுதான். ரோட்டோரம் நிறுத்தி ஊதச் சொல்வது அங்கே சர்வசாதாரணம். ஒரு தோட்டத்தில் ஐந்தாறு வகை ஊற்றுவார்கள், ஒவ்வொன்றும் இரண்டு மடக்கு என்றாலும் சேர்த்தால் ஒரு கிளாஸ் ஆகிவிடும். மேசையில் துப்புவதற்கு ஒரு சின்ன வாளி இருக்கும், வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், வைன் செய்கிறவர்களே அப்படித்தான். துப்ப மனசு வராதென்றால் ஒரு நாளைக்கு டிரைவரோடு வேன் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஓட்டம்தான், கோலாலம்பூர் நேரமும் பெர்த் நேரமும் ஒன்றுதான், அந்த வகையில் சிரமமே இல்லை.

ஜெலுத்தோங் அக்கா
தம்பி, அம்மாவைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நாங்கள் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போனோம், அவரும் இப்படித்தான், பூண்டு கூடச் சில நாள் சாப்பிட மாட்டார். நாலு தோட்டமெல்லாம் ஆகாதுலா. ஒரு நாளைக்கு இரண்டு போதும். காலையில் ஒன்றில் ருசி, இன்னொன்றில் உட்கார்ந்து நிதானமாக மதியச் சாப்பாடு. நல்ல சாப்பாட்டுக்கடைகள் நிறைய தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, ஆனால் மதியம் மட்டும்தான் திறக்கும், வாரத்தில் ஓரிரு நாள் மூடியும் இருக்கும். சிலவற்றில் விரும்பியதை ஆர்டர் செய்ய முடியாது, அவர்கள் வரிசையாகக் கொண்டுவருவதைத்தான் சாப்பிடணும். அதனால் முன்பதிவு செய்யும்போதே ஒருவருக்குச் சைவம் என்று எழுதுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்று போட்டால் முட்டை வரும், முட்டையும் மீன் சாறும் கூடாது என்று தனியாகச் சொல்லணும். என் மாமியாருக்குச் சுட்ட பூசணிக்காயில் ஏதோ விதை தூவி, பக்கத்தில் தயிர் மாதிரி ஒன்றும் வைத்துக் கொடுத்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துக் கொஞ்சம் தொட்டுக்கொண்டார், அதற்கப்புறம் தட்டு காலி.

அம்மாவுக்குச் சுற்றிப்பார்க்க: வாயேஜர் எஸ்டேட்டில் வெள்ளைச் சுவர்க் கட்டடங்களும் ரோஜாத் தோட்டமும் இருக்கின்றன, நடக்கச் சமதரை. லேக் குகைக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள், முந்நூறு படிக்கு மேல் இறங்கி ஏறணும். அதற்குப் பதில் பஸ்ஸல்டனில் கடலுக்குள் 1.8 கிலோமீட்டர் நீளும் மரப்பாலம், அதன் மேல் சின்ன ரயில் ஓடுகிறது, முழங்காலுக்கு வேலையே இல்லை. பெர்த்திலிருந்து போகிற வழியில்தான் இருக்கிறது.

கிள்ளான் வாத்தியார்
மார்ச் நல்ல நேரம், அறுவடைக் காலம், மனைவிக்குப் பிடிக்கும். அவருக்காகக் கொஞ்சம் கதை. 1960களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற விவசாய ஆராய்ச்சியாளர் இந்த ஊரின் தட்பவெப்பம் பிரான்சின் வைன் பகுதியான போர்தோவைப் போல இருக்கிறது என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் 1967ல் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தை ஆரம்பித்தார். திராட்சையைக் குருவிகள் தின்று தீர்த்ததால், விரட்டுவதற்கு ஒரு ராஜாளியைப் பழக்கிக் கொண்டுவந்தார். முதல் தடவை அவிழ்த்துவிட்டதும் அது பறந்து போனது போனதுதான், திரும்பவே இல்லை. அந்த ராஜாளி அவர்கள் சின்னத்தில் இன்றும் இருக்கிறது. குருவித் தொல்லையும் தீர்ந்தபாடில்லை. மாரி என்கிற யூகலிப்டஸ் மரம் நன்றாகப் பூத்த வருஷம் குருவிகள் அந்தத் தேனுக்குப் போய்விடும், பூக்காத வருஷம் நேராகத் திராட்சைக்குத்தான். அதனால் கொடிகள் மேல் வலை போர்த்தியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

வாஸ் ஃபீலிக்ஸும் கல்லன் தோட்டமும் ஊருக்கு வடக்கே வில்யாப்ரப் பகுதியில் பக்கம் பக்கம், ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். லீவின் எஸ்டேட்டும் வாயேஜரும் ஊருக்குத் தெற்கே, அது மறுநாள். வடக்கும் தெற்குமாக அலைந்தால் பொழுது காடியிலேயே போய்விடும். சிவப்பில் கேபர்னே சாவிஞோன், வெள்ளையில் ஷார்டனே, இந்த இரண்டும்தான் அங்கே பேர்போனவை. என்னைக் கேட்டால் லீவினின் ஷார்டனேவுக்காகவே போகலாம், விலை கடிக்கும், ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மனைவியும் சைவமா? வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், சில சமயம் மீனின் காற்றுப் பையிலிருந்து எடுக்கும் பசைகூடச் சேர்ப்பதுண்டு. ‘வீகன்’, அதாவது மிருகப் பொருள் எதுவும் சேராதது, என்று போட்ட பாட்டில் என்றால் பிரச்சினை இல்லை.

செந்தூல்காரன்
அடேயப்பா, மீன் விஷயத்தை அவளிடம் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை, அவள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் சைவம். சரி, இரண்டு ராத்திரி தங்குகிறோம், ஒரு நாள் வேன், ஒரு நாள் நான் ஓட்டுகிறேன். அக்கா, அந்த ஊறுகாயை எப்படி உள்ளே கொண்டுபோனீர்கள்? ஏர்போர்ட்டில் பிடுங்கவில்லையா? அப்புறம் திரும்பும்போது எத்தனை பாட்டில் கொண்டுவரலாம்?

ஜெலுத்தோங் அக்கா
விமானத்தில் கொடுக்கும் அட்டையில் உணவு இருக்கிறது என்று தைரியமாக டிக் போடுங்கள் தம்பி. மறைத்தால்தான் அபராதம், அதுவும் சின்ன அபராதம் இல்லை. எங்களுடையது கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாட்டில், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டு ஊறுகாய், கறிவேப்பிலை, விதை எதுவும் வேண்டாம். உங்கள் புளிச்சோற்றையும் பெர்த்தில் அரிசி வாங்கிப் பொங்கிக்கொள்ளுங்கள்.

பங்சார் பையன்
வரியில்லாமல் ஆளுக்கு ஒரு லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் ஒன்று. அதற்கு மேல் கொண்டுவந்தால் கோலாலம்பூர் ஏர்போர்ட்டில் வரி கட்டணும். கணக்குப்படி அம்மாவுக்கும் ஒரு பாட்டில் உரிமை உண்டு, அவர் பெட்டியில் வைக்கச் சம்மதிப்பாரா என்பது உங்கள் வீட்டு விவகாரம்.