20 வயசுல எவர்ட்டன் போன கோல்மன் கதையை காட்டி 2 லட்சம் கேக்குறாங்க, நம்பலாமா?

அக்கரைப்பேட்டை_அண்ணன்:

வணக்கம் மக்களே, நாகைலேர்ந்து எழுதுறேன். எனக்கு ஃபுட்பால் பாக்கத்தான் தெரியும், இந்த கிளப் டிரான்ஸ்ஃபர் சமாச்சாரம்லாம் அவ்வளவா தெரியாது, அதான் இங்க வந்தேன்.

என் தம்பிக்கு 19 வயசு. ஐடிஐ முடிச்சிட்டு அப்பாவோட போட்ல போறான், ஏப்ரல் 15லேர்ந்து தடைக்காலம் ஆரம்பிச்சா 61 நாளும் கிரவுண்டுதான் அவனுக்கு வீடு. ரைட் பேக் ஆடுவான், அதான் வலது பக்கம் பின்னாடி நின்னு தடுக்குற இடம். எங்க பக்கம் மின்னொளி எழுவர் போட்டி எங்க நடந்தாலும் அவனை கூப்பிட்டு போயிடுவாங்க, ரெண்டு சுழற்கோப்பை எங்க வீட்டு அலமாரில நிக்குது. ஆனா அவன் போடுற ஸ்டட்ஸை பாத்தீங்கன்னா சிரிப்பீங்க, ரெண்டும் முன்பக்கம் வாய் பொளந்துடுச்சு, எங்க அப்பா வலை பின்ற ஊசியை எடுத்து நைலான் நூலால சுத்தி இழுத்து தைச்சு குடுத்திருக்காரு, ஷூ கிழிஞ்சாலும் அந்த தையல் பிரியாது.

போன வாரம் ஒரு மேட்ச் முடிஞ்சதும் சென்னைலேர்ந்து வந்தேன்னு ஒருத்தர் தம்பிகிட்ட பேசினாரு. ரெண்டு லட்சம் கட்டுனா இங்கிலாந்துல ட்ரயல் ஏற்பாடு பண்றேன்றாரு. 19 ஆயிடுச்சே சார், லேட் இல்லையான்னு நான் கேட்டதுக்கு போனை எடுத்து எவர்ட்டன்னு இங்கிலாந்து கிளப்ல ஆடுன ஷேமஸ் கோல்மன் போட்டோவை காட்டி, இவரும் மீன்புடி ஊருதான், 20 வயசுலதான் இங்கிலாந்து போனாரு, வெறும் 60,000 பவுண்டுக்கு எடுத்தாங்க, அப்புறம் கேப்டனே ஆயிட்டாருன்னு சொல்லிட்டு போயிட்டாரு. தம்பி அன்னிலேர்ந்து தூங்கல. அம்மா தோட்டை வெச்சாவது கட்டிடலாம்ங்குது.

கோல்மன் கதை நெஜமா? நெஜம்னா இவனுக்கும் அது நடக்குமா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

மன்னை மைனர்:

கோல்மன் வேல்ஸ் கோச் ஆச்சே, அவரு எப்ப எவர்ட்டன் கேப்டன் ஆனாரு? அப்புறம் அண்ணே, எவர்ட்டனுக்கு ஆள் அனுப்புறதுக்கா ரெண்டு லட்சம்? லிவர்பூலுக்குன்னா நானே பாதி தரேன் 😂

கும்மோணம் எவர்ட்டோனியன்:

மைனரே, அது கிறிஸ் கோல்மன், வேற ஆளு. மேட்ச் பாக்காம கமெண்ட் மட்டும் போட்டா இப்படித்தான்.

அண்ணே, கும்பகோணத்துல எவர்ட்டன் ஃபேன் நான் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன், கோல்மனை பத்தி கேட்டு யாரும் இதுவரைக்கும் வந்ததே இல்ல, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன் பொறுத்துக்குங்க.

அவரு ஊரு கில்லிபெக்ஸ். அயர்லாந்துல டோனகால் மாவட்டம், அந்த நாட்டுலயே பெரிய மீன்புடி துறைமுகம் அதுதான். கானாங்கெளுத்திதான் அங்க முக்கியமான மீன். 1988ல பொறந்தவரு. சின்ன வயசுல செயின்ட் கேத்தரின்ஸ்னு உள்ளூர் டீம்ல கால்பந்தும் ஆடுனாரு, கேலிக் ஃபுட்பாலும் ஆடுனாரு. இந்த கேலிக்ங்கறது அவங்க நாட்டு ஆட்டம், கையாலயும் புடிக்கலாம் காலாலயும் உதைக்கலாம், நம்மூர் கபடி மாதிரி ஊர் ஊருக்கு வெறி. எங்கேயும் அகாடமி கிகாடமின்னு ஒண்ணும் கிடையாது. இங்கிலாந்து கிளப்புங்க அயர்லாந்து பசங்களை 15, 16 வயசுலயே தூக்கிட்டு போற காலம் அது, ராபி கீன்லாம் அப்படி போனவருதான். இவரை யாரும் தூக்கல.

2006ல ஸ்லைகோ ரோவர்ஸ்னு அயர்லாந்து கிளப்ல சேந்தாரு. ஸ்லைகோ அவரு ஊர்லேர்ந்து, நாகைலேர்ந்து தஞ்சாவூர் தூரம்னு வெச்சுக்குங்க, அவ்வளவுதான். அங்க மூணு சீசன், அம்பதுக்கும் மேல லீக் மேட்ச், வளந்த ஆம்பளைங்களோட மோதி ஆடுனது. அண்ணே, இந்த இடத்தைத்தான் அந்த ஆளு உங்ககிட்ட சொல்லாம முழுங்கிட்டாரு. 2009 ஜனவரில எவர்ட்டன் கோச் டேவிட் மோயஸ் அவரை எவர்ட்டனுக்கு எடுக்கும்போது அவரு ட்ரயலுக்கு வந்து நின்ன பையன் இல்ல, அயர்லாந்து டாப் டிவிஷன்ல மூணு வருஷம் அடிபட்டு வந்த ஆட்டக்காரரு. அந்த 60,000 பவுண்டும் எவர்ட்டன் ஸ்லைகோவுக்கு குடுத்த காசு. கோல்மன் வீட்லேர்ந்து கட்டுனது இல்ல!! அன்னிய ரேட்டுக்கு நாப்பது லட்சம் சொச்சம் வரும், இன்னிக்கு ஒரு விசைப்படகு அந்த காசுக்கு வருமா சொல்லுங்க. அதுக்கு நாலு மாசம் முன்னாடிதான் ஃபெல்லைனின்னு ஒரு ஆட்டக்காரரை வாங்க ஒன்றரை கோடி பவுண்டு குடுத்தாங்க.

போனதும் நேரா ஹீரோ ஆயிட்டாருன்னு நினைக்காதீங்க. முதல்ல கால்ல ஒரு கொப்புளம், அது சீழ் வெச்சு ஆபரேஷன் வரைக்கும் போச்சு. அக்டோபர்ல முதல் மேட்ச், லிஸ்பன்ல பென்ஃபிகாவோட, 5-0ன்னு தோத்தாங்க, அதுவும் இவரை லெஃப்ட் பேக்ல நிறுத்தி. நம்ம ஊரா இருந்தா அன்னிக்கே சோலி முடிஞ்சிருக்கும். அப்புறம் 2010ல பிளாக்பூல் கிளப்புக்கு லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு மட்டும் ஆட அனுப்புனாங்க, அங்க இயன் ஹாலோவே கோச், வெம்பிளில பிளே ஆஃப் ஃபைனல்ல கார்டிஃபை 3-2ன்னு ஜெயிச்சு பிளாக்பூல் பிரீமியர் லீக் ஏறுச்சு. அந்த சில வாரம்தான் அவரை ஆளாக்குச்சுன்னு நான் சொல்லுவேன். திரும்பி வந்தவரு ரைட் சைடை விடவே இல்ல. 2013-14 சீசன்ல பின்னாடி நின்னு ஆடுற ஆளு லீக்ல 6 கோல், பிளேயர்ஸே ஓட்டு போட்டு எடுக்குற அந்த வருஷ டீம்ல இவரு பேரும் வந்துச்சு. இன்னிக்கு பிரீமியர் லீக்ல எவர்ட்டனுக்கு அதிக மேட்ச் ஆடுனவரு இவருதான், கீப்பர் டிம் ஹோவர்டோட 354 மேட்சை தாண்டியாச்சு. ரசிகருங்க அந்த அறுபதாயிரத்தையே பாட்டா கட்டி பாடுவாங்க, கேட்டா புல்லரிக்கும்.

2023 பிப்ரவரில லீட்ஸோட ஒரு கோல் போட்டாரு பாருங்க, ரைட் சைடு கோட்டை ஒட்டி, க்ராஸ் பண்ணப் போறாருன்னுதான் கீப்பரும் நினைச்சாரு நானும் நினைச்சேன், நேரா உள்ள போயிடுச்சு. 1-0. கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுவோமோன்னு வயித்துல புளி கரைச்சிட்டு இருந்த வருஷம் அது. ராத்திரில கத்தி வீட்ல எல்லாரையும் எழுப்பிட்டேன்.

சிங்கப்பூர் திருத்துறைப்பூண்டி:

இங்க காபி கடைல உக்காந்து எல்லா மேட்சும் பாக்குறவன் நான், மேல தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஒரு விஷயம் சேத்துக்குங்க. கோல்மன் மட்டும் இல்ல, ராய் கீனும் இதே மாதிரிதான், கோவ் ராம்ப்ளர்ஸ்னு ஒரு சின்ன டீம்லேர்ந்து 1990ல நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 47,000 பவுண்டுக்கு எடுத்தாங்க, ஆளு குள்ளம்னு அதுக்கு முன்னாடி கழிச்சு கட்டுனவங்கதான் அதிகம். மூணே வருஷத்துல மான்செஸ்டர் யுனைடெட் 37.5 லட்சம் பவுண்டு குடுத்துச்சு. கெவின் டாயிலும் ஷேன் லாங்கும் அயர்லாந்து கார்க் சிட்டிலேர்ந்து இங்கிலாந்து ரெடிங் கிளப்புக்கு போனவங்க. எல்லாரும் முதல்ல ஊர் லீக்ல ஆடுனவங்கதான், ட்ரயலுக்கு பணம் கட்டிட்டு போனவன் ஒருத்தன் இருக்கானா?

ஆனா அண்ணே ஐரிஷ்காரனுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு, விசா. ஐரிஷ்காரன் இங்கிலாந்துல போயி வேலை பாக்க பர்மிட்டே வேணாம், ரெண்டு நாட்டுக்கும் நடுவுல அப்படி ஒரு ஏற்பாடு பல காலமா இருக்கு. நமக்கு? சுனில் சேத்ரி கதை தெரியும்ல? கோல்மன் போன அதே 2009ல சேத்ரிக்கு இங்கிலாந்து க்யூபிஆர் கிளப்ல காண்ட்ராக்ட் ரெடி. இந்தியா ஃபிஃபா ரேங்க்ல முதல் 70க்குள்ள இல்லன்னு பர்மிட் குடுக்கல. சேத்ரிக்கே இல்லன்னா யாருக்கு? இப்ப பாயிண்ட் கணக்கு, நாட்டு டீமுக்கு எத்தனை மேட்ச், நாட்டோட ரேங்க் என்ன, எந்த லீக்ல ஆடுற, எல்லாத்துக்கும் பாயிண்ட். எழுவர் போட்டி சுழற்கோப்பைக்கு அதுல பாயிண்ட் கிடையாது, தப்பா எடுத்துக்காதீங்க. பைச்சுங் பூட்டியா 1999ல இங்கிலாந்து பரி கிளப்புக்கு போனாரு, அவரு அப்ப இந்தியா டீம்ல பெரிய தலை.

அதனால அந்த ரெண்டு லட்சத்துக்கு அதிகபட்சம் ஒரு டூரிஸ்ட் விசாவும், ஏதோ ஒரு பார்க்ல ரெண்டு மணி நேரம் ஓட விட்டு எடுத்த வீடியோவும் கிடைக்கும். ஏஜென்ட்னு சொன்னா ஃபிஃபா லைசென்ஸ் நம்பர் கேளுங்க, அவங்க சைட்லயே பேரு தேடி பாக்கலாம். லைசென்ஸ் இருக்குற ஆளு பையனை பாத்துட்டு பணம் கேக்க மாட்டான், பையன் சம்பளத்துலதான் அவன் கமிஷன்.

தஞ்சை பிசியோ:

நான் பிசியோதெரபி ஃபைனல் இயர். கோல்மன்னா எனக்கு கால்தான் ஞாபகம் வரும். 2017 மார்ச் 24, டப்ளின்ல அயர்லாந்து டீமுக்கு வேல்ஸோட மேட்ச், வேல்ஸ்காரரு நீல் டேலர் அடிச்ச டேக்கிள்ல முழங்காலுக்கு கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சிடுச்சு. அடுத்த நாளே ஆபரேஷன். பத்து மாசம் கழிச்சு 2018 ஜனவரி 31 லெஸ்டர் மேட்ச்ல இறங்குனாரு, ஜெயிச்சாங்க. அப்ப வயசு 29. வேகத்தை வெச்சு ஆடுற ரைட் பேக்குக்கு அந்த வயசுல அந்த அடி பட்டு திரும்பறது எவ்வளவு கஷ்டம்னு தினம் ஒரு பேஷண்டை நடக்க வைக்க நாங்க படுற பாட்டை பாத்தா தெரியும். அதுக்கப்புறமும் 2019ல கேப்டன் ஆயிருக்காரு. (மைனருக்கு ஒரு தகவல், அந்த மேட்ச்ல வேல்ஸ் கோச் நீங்க சொன்ன கிறிஸ் கோல்மன்தான் 😀 இன்னொண்ணு, அந்த நீல் டேலரோட அம்மா கொல்கத்தாக்காரங்க.)

அண்ணே, தம்பிகிட்ட ஷூவை மாத்த சொல்லுங்க, அப்பா தையல் சூப்பர்தான், ஆனா உள்ள நூல் முடிச்சு உரசி கொப்புளம் வந்தா உப்புத்தண்ணி படுற காலு ஆறாது. கொப்புளம்தானேன்னு விட்டா என்னாகும்னு மேலயே எழுதியிருக்காங்க.

காரைக்கால் 10ஆம் நம்பர்:

எல்லாரும் வேணாம் வேணாம்னா பையன் என்னதான் பண்ணுவான்? நான் மூணு வருஷம் சென்னை லீக்ல ஆடுனவன், சொல்றேன் கேளுங்க. நீங்க எவர்ட்டன் எங்க இருக்குன்னு தேடாதீங்க, உங்களுக்கு ஸ்லைகோ எங்க இருக்குன்னு தேடுங்க. பதினொரு பேரு, 90 நிமிஷம், பெரிய கிரவுண்டு, ரெஃப்ரி, சீசன் முழுக்க மேட்ச். எழுவர்ல கலக்குற ரைட் பேக்கு பெரிய கிரவுண்டுக்கு வந்தா அறுபதாவது நிமிஷத்துல இடுப்புல கை வெச்சுட்டு நிப்பான், நானே நின்னிருக்கேன்.

19தானே? காலேஜ்ல சேருங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டால கேட்டு பாருங்க. நம்ம டெல்டா காலேஜுங்க பாரதிதாசன் யுனிவர்சிட்டி கீழ வரும், யுனிவர்சிட்டி டீம்ல வந்துட்டா தென் மண்டல போட்டி, அங்க பாக்க ஆளு வருவாங்க. இல்லன்னா நேரா சென்னை லீக், கீழ் டிவிஷன்ல ஏதாச்சும் டீம்ல இடம் புடிக்கணும், ரூம் வாடகை கஷ்டம்தான், நான் நாலு பேரோட ஒரு ரூம்ல இருந்தேன். ஐசிஎஃப், இந்தியன் பேங்க் மாதிரி டீம் கண்ணுல பட்டா வேலையும் சேந்து வரும். மீன்புடி ஊருன்னு தாழ்வா நினைக்க வேணாம், கன்னியாகுமரி பக்கம் தூத்தூர் கடலோரத்துல தெருவுக்கு தெரு ஃபுட்பால்தான், மைக்கேல் சூசைராஜ் அந்த பக்கத்து பையன்தானே, சென்னை சிட்டில ஆடி ஐஎஸ்எல் வரைக்கும் போகல?

ரெண்டு லட்சத்துல ரெண்டு வருஷம் சென்னைல தங்கி ஆடலாம், மிச்சத்துக்கு நல்ல ஸ்டட்ஸும் வாங்கலாம்.

கும்மோணம் எவர்ட்டோனியன்:

பத்தாம் நம்பரு பாயிண்டை புடிச்சிட்டாரு. இப்ப அயர்லாந்துலயே அதான் நடக்குது. பிரெக்ஸிட்டுக்கு (பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிஞ்சதுக்கு) அப்புறம் இங்கிலாந்து கிளப்புங்க 18 ஆகாத ஐரிஷ் பசங்களை எடுக்க முடியாது, ஃபிஃபா ரூல். அதனால பசங்க 18 வரைக்கும் ஊர் லீக்லயே ஆடுறாங்க, கோல்மன் வேற வழியில்லாம போன ரூட்டு இப்ப எல்லாருக்கும் ரூட்டு ஆயிடுச்சு. அதே பிரெக்ஸிட்ல அயர்லாந்துக்கு கானாங்கெளுத்தி கோட்டாவும் குறைஞ்சுது, கில்லிபெக்ஸ் போட்காரங்க இன்னும் கடுப்புலதான் இருக்காங்க.

இன்னொண்ணு சொல்லாம விட்டா மனசு ஆறாது. 2025 மே 18, எவர்ட்டன் ஸ்டேடியம் குடிசன் பார்க்ல ஆம்பளைங்க டீமோட கடைசி மேட்ச், சவுத்தாம்ப்டனோட. மோயஸ் இவரை கேப்டனா இறக்குனாரு, பாதி கூட ஆகல, காயம், வெளிய வந்துட்டாரு. மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னுச்சு. நானும் இங்க எழுந்து நின்னேன், வீட்ல என்னை ஒரு மாதிரி பாத்தாங்க.

மன்னை மைனர்:

சரிப்பா ஒத்துக்கறேன், எவர்ட்டன்ல எனக்கு புடிச்ச ஒரே ஆளு இவருதான்னு வெச்சுக்குங்க. வெளிய சொல்லாதீங்க.

அக்கரைப்பேட்டை_அண்ணன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து ராத்திரி தம்பியை உக்கார வெச்சு ஒவ்வொண்ணா படிச்சு காமிச்சேன். சேத்ரி மேட்டர் வந்ததும் மூஞ்சி விழுந்துடுச்சு, ரொம்ப நேரம் பேசல. அப்புறமா அவனே கேட்டான், அந்த காரைக்கால் அண்ணன் நம்பர் கிடைக்குமான்னு. பத்தாம் நம்பரு, தனியா மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க. சென்னைக்காரருக்கு போன் போட்டு லைசென்ஸ் நம்பர் கேட்டேன், சிக்னல் சரியில்லன்னாரு, அப்புறம் எடுக்கவே இல்ல. அம்மா தோடு அம்மா காதுலயே இருக்கு.

அப்பாகிட்ட கில்லிபெக்ஸ் துறைமுகம் போட்டோவை காமிச்சேன். கோல்மனை பத்தி ஒரு வார்த்தை கேக்கல. போட்டோவை பெருசாக்க சொல்லி ஒவ்வொரு படகா பாத்துட்டு, இவ்வளவு பெரிய போட்டு எல்லாம் ஏன் கரைல கட்டி கெடக்கு, அங்கயும் தடைக்காலமா, கானாங்கெளுத்தி அங்க கிலோ என்ன விலைக்கு போகும்னு கேட்டாரு. கும்மோணம் தம்பி, அது உங்களுக்கு தெரியுமா?