கூடங்குளம் போராட்டம் உண்மையில் எதையாவது சாதித்ததா?

கேட்டவர்: பெரம்பூர்வாசி
கல்லூரியில் அணு உலை எதிர்ப்பு பற்றிப் பேச வேண்டும். 1988-ல் சோவியத்தோடு ஒப்பந்தம், 2013-ல் உலை ஓடத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் இத்தனை வருடப் போராட்டம் தோற்றுப்போனது என்றுதானே சொல்ல வேண்டும்?

அடையாறு அக்கா:
அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடாதீங்க தம்பி. 2012-ல் நான் போராட்டம் நடந்த மீனவ கிராமமான இடிந்தகரைக்குப் போயிருந்தேன். லூர்து மாதா கோவில் முன்னால் பந்தல், அதில் மீனவப் பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டே உண்ணாவிரதம் இருந்தார்கள், ஒரு பாட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி "மெட்ராஸ்ல கரண்டு போகுதா?" என்பதுதான். எனக்குப் பதில் வரவில்லை. அந்த செப்டம்பரில் போலீஸ் தடியடி, தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊரான மணப்பாட்டில் துப்பாக்கிச்சூடு, ஒரு மீனவர் செத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு. இதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்க.

மின்வாரிய ஓய்வு:
நான் எதிர்ப்பாளன் இல்லை. அப்போது மின்வெட்டில் கோவைப் பக்கம் பட்டறைகள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் அனுமதி கொடுத்தபோது கூடவே 15 பாதுகாப்பு நிபந்தனைகள் போட்டதே, எதிர்ப்பாளர்கள் வழக்கு போடாமல் அது வந்திருக்குமா?

பெரம்பூர்வாசி:
இது தெரியாது சார், நன்றி.

திருவான்மியூர் மணி:
கூடங்குளத்தை விடுங்க, கல்பாக்கம் சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். ஈசிஆரில் மீன் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே உலை ஓடுவது நினைவிருக்கிறது? 2004 சுனாமியில் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்து உலையை நிறுத்தினார்கள். பத்திரமாகத்தான் நிறுத்தினார்கள், சரி. அதைக் கேட்டுப் பழகிய மீனவனுக்கு 2011-ல் ஜப்பானில் சுனாமியால் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்தை டிவியில் பார்த்ததும் தூக்கம் வருமா?