செவேயைப் பார்த்த நாள்: உங்கள் நினைவுகளையும் சொல்லுங்கள்

ஒவ்வொரு ஜூலையிலும் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் தொடங்கும்போது எனக்கு அவர் நினைவு வந்துவிடும். ஸ்பெயின் நாட்டு கோல்ஃப் வீரர் செவே பாலஸ்டெரோஸ். 2011 மே 7 அன்று, 54 வயதில், மூளையில் வந்த கட்டி அவரைக் கொண்டுபோய்விட்டது. நம்மவர்களில் கோல்ஃப் பார்க்கிறவர்கள் குறைவு என்று தெரியும். இருந்தாலும் எண்பதுகளில் இங்கிலாந்தில் இருந்தவர்கள் யாராவது அவரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1988. பிரெஸ்டனில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கோல்ஃப் பற்றி எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. சனிக்கிழமை கொட்டிய மழையில் ஓபன் ஆட்டமே நடக்காமல், கடைசிச் சுற்று திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிருந்தது. அறை நண்பன் கூப்பிட்டான், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவனோடு ரயிலேறி ராயல் லிதம் மைதானத்துக்குப் போனேன். தண்டவாளம் மைதானத்தை ஒட்டியே போகும்.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் என்னைவிட ஒரு சாண் உயரம். நண்பன் அட்டைப் பெரிஸ்கோப் ஒன்று வைத்திருந்தான். நீளமான பெட்டி, மேலும் கீழும் ஒவ்வொரு கண்ணாடித் துண்டு. மழை ஈரத்தில் அட்டை நமத்துப்போயிருந்தது. ஆளுக்கு ஒரு அடி என்று முறைவைத்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நீல ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள், காற்றைப் பார்த்து, மட்டையைப் பார்த்து, மறுபடி காற்றைப் பார்த்து... அவ்வளவுதான், அதற்குப் பிறகு நான் வேறு யாரையும் பார்க்கவில்லை.

16ஆம் குழிக்கு வரும்போது செவேயும் நிக் பிரைஸும் சமம். அங்கே பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், நாங்கள் புதியவர்கள் என்று தெரிந்து, தானாகவே கதை சொல்ல ஆரம்பித்தார். 1979 ஓபனிலும் இதே மைதானம், இதே குழி. 22 வயது செவே அடித்த முதல் அடி வலப்பக்கம் பறந்து, கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் போய் விழுந்ததாம். அங்கிருந்தே கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்கு அடித்து, பேர்டியும் (அந்தக் குழிக்கு நிர்ணயித்ததைவிட ஒரு அடி குறைவு) போட்டாராம். அந்த வருடம் கோப்பையும் அவருக்குத்தான். 'கார் நிறுத்துமிட சாம்பியன்' என்று அமெரிக்கர்கள் கேலி செய்ததைச் சொல்லும்போது, பெரியவருக்கு ஒன்பது வருடம் கழித்தும் கோபம் தணிந்திருக்கவில்லை.

அவர் சொல்லி முடிப்பதற்குள் செவே 9ஆம் நம்பர் அயர்ன் மட்டையை எடுத்துவிட்டார். பந்து விழுந்தது எனக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. குழியிலிருந்து மூன்று அங்குலத்தில் கிடக்கிறது என்று செய்தி வாய்வழியாகப் பின்வரிசைக்கு வந்தது. அந்தப் பெரியவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசிக் குழியில் கிரீனுக்கு வெளியிலிருந்து தட்டிய பந்தும் குழியின் விளிம்பை உரசிவிட்டு நின்றது. 65 அடிகளில் அந்தச் சுற்றை முடித்தார். அவருக்கு அது மூன்றாவது ஓபன் வெற்றி.

16க்கும் 17க்கும் நடுவில் ஒரு கை தூரத்தில் என்னைத் தாண்டிப் போனார். யாரையும் பார்க்கவில்லை. ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை பேரும், தங்களைத்தான் பார்த்தார் என்று சத்தியம் செய்வார்கள். நானும்தான்.

*

அண்ணா, நான் அவரை நேரில் பார்த்ததில்லை. எங்கள் அப்பாவுக்காக எழுதுகிறேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் லண்டன் வந்தோம். ஒரு வீட்டில் மூன்று குடும்பம். அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தார். பகலில் முன்னறையில் டிவி முன்னால் இருப்பார், ஆனால் எதையும் பார்க்கமாட்டார். எனக்கு ஒன்பது வயது. அப்பா சிரித்தால் எப்படி இருப்பார் என்பதே மறந்துபோயிருந்தது.

1984 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஓபனின் கடைசி நாள். அமெரிக்காவின் டாம் வாட்சன் ஜெயித்தால் அவருக்கு அது ஆறாவது ஓபன். 17ஆம் குழியில் வாட்சன் அடித்த பந்து கிரீனைத் தாண்டி, ரோட்டுக்கு அப்பால் மதில் பக்கம் போய்விட்டது. அதே நேரம் செவே கடைசிக் குழியான 18இல் பேர்டி போடுகிறார். கையை முறுக்கி முறுக்கி வானத்தைக் குத்தினார். நாற்பது தாண்டிய எங்கள் அப்பா கதிரையை விட்டு எழும்பி, அவரைப் போலவே கையை உயர்த்தினார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். சமையலறையிலிருந்து அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தா.

'யார் வீட்டுப் பிள்ளையப்பா இவன்?' என்று அப்பா கேட்டார். பிறகு நூலகத்துக்குப் போய்த் தேடிப் படித்து, ஸ்பெயினில் பெட்ரேன்யா என்ற சின்ன ஊரில் ஒரு கமக்காரன் பெற்ற மகன் என்று கண்டுபிடித்து வந்தார். அன்றிலிருந்து அவருக்குச் செவே சொந்தக்காரன் மாதிரி.

*

பெட்ரேன்யா என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் கப்பலில் எஞ்சினியர். சில வருடங்களுக்கு முன் சான்டாண்டர் துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஊர் விமான நிலையத்துக்கே 2015இலிருந்து செவே பெயர்தான். விரிகுடாவின் அந்தப் பக்கம் பெட்ரேன்யா. சின்னப் படகு போய்வருகிறது, ஏறிவிட்டேன்.

நான் பார்க்கப் போனது கோல்ஃப் மைதானத்தை அல்ல, கடற்கரையை. சிறுவனாக இருந்தபோது, உடைந்த 3ஆம் நம்பர் அயர்னின் தலையை ஒரு குச்சியில் செருகிக்கொண்டு, கூழாங்கற்களை அடித்துப் பழகியவர் அவர். மைதானத்தில் கேடியாகப் பை தூக்கலாம், ஆனால் விளையாட அனுமதி இல்லை. அதனால் மணல்தான் பள்ளி. எட்டு வயதில் அண்ணன் மனுவேல் நல்ல 3ஆம் நம்பர் அயர்ன் ஒன்று கொடுத்த பிறகும் அந்த ஒரே மட்டைதான்.

தண்ணீர் வற்றியிருந்த நேரம். மணலில் நடந்து பார்த்தேன். ஓரிடத்தில் கால் புதைகிறது, இரண்டடி தள்ளினால் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது. உயரே போக வேண்டிய பந்துக்கும், தாழ உருள வேண்டிய பந்துக்கும், மணலிலிருந்து கிளம்ப வேண்டிய பந்துக்கும் அந்த ஒரே மட்டையைச் சாய்த்தும் திருப்பியும் பிடித்துக் கற்றிருக்கிறார். பின்னால் உலகமே வாயைப் பிளந்த அந்த அடிகளெல்லாம் இங்கேயிருந்து வந்தவைதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஒரு கூழாங்கல்லை எடுத்து வந்தேன். இன்னும் என் கேபின் மேசையில் இருக்கிறது.

*

எனக்கு, ஐரோப்பாவும் அமெரிக்காவும் அணியாக மோதும் ரைடர் கோப்பையில் ஆடிய செவேதான். பர்மிங்காமில் இருப்பதால் பெல்ஃபிரி மைதானம் பக்கம். 1985இல் 28 வருடத்துக்குப் பிறகு நம் அணி அமெரிக்காவை ஜெயித்தபோது நான் அங்கே கயிற்றோரம் நின்றவன். இன்னொரு ஸ்பெயின் வீரர் ஒலசாபலோடு செவே ஜோடி சேர்ந்து ஆடிய 15 ஆட்டங்களில் 11 வெற்றி, இரண்டே தோல்வி. 1997இல் ஸ்பெயினின் வால்டெராமாவில் செவே கேப்டன். கோல்ஃப் வண்டியில் பறந்துகொண்டே இருந்தார், எந்தக் குழியில் கேமரா திரும்பினாலும் அங்கே நிற்பார்!

2012இல் அமெரிக்காவின் மெடினாவில் ரைடர் கோப்பையின் கடைசி நாள் 10-6 என்று பின்தங்கியிருந்தபோது, ஒலசாபல் கேப்டனாக இருந்த ஐரோப்பிய அணி செவேயின் ஞாயிற்றுக்கிழமை நிறமான கருநீலத்தில் இறங்கியது. பைகளில் அவருடைய நிழலுருவம். ஜெயித்ததும் ஒலசாபல் அழுதார், நானும் அழுதேன்.

*

நான் கொஞ்சம் கோல்ஃப் ஆடுகிறவன். அதனால் எனக்கு 1993இல் சுவிட்சர்லாந்தின் கிரான்ஸில் செவே அடித்த அடிதான். கடைசிக் குழி, பந்து மரங்களுக்குள், முகத்துக்கு நேரே உயரமான மதில், அதற்கு அந்தப் பக்கம் நீச்சல் குளம், தலைக்கு மேல் கிளைகள். பேசாமல் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள் என்று கேடி பில்லி ஃபாஸ்டர் கெஞ்சினார். செவே குனிந்து, இலைகளுக்கு நடுவில் ஒரு தட்டளவு வானத்தைக் கண்டுபிடித்தார். மதிலுக்கு மேலேயும் கிளைக்குக் கீழேயும் பந்தை அனுப்பி, கிரீன் பக்கத்தில் இறக்கி, அடுத்த தட்டில் குழிக்குள். பேர்டி.

போட்டியில் ஒரு அடி வித்தியாசத்தில் இரண்டாவதாகத்தான் வந்தார். அன்று ஜெயித்தவரை விட்டுவிட்டு, இந்த ஒரு அடியைத்தான் ஊரே பேசுகிறது. பேச வேண்டியதும் இதைத்தான் என்பேன்.

*

மறுபடி நான்தான், அண்ணா. நேற்று இரவு எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எண்பது தாண்டிவிட்டார், கண் சரியாகத் தெரியாது. கூழாங்கல் வந்த இடத்தில், திரும்ப ஒருமுறை வாசி என்றார்.

கடைசியில் என்னோடு கோபம். நான் எழுதியதில் ஒரு பிழையாம், திருத்தச் சொன்னார். செயின்ட் ஆண்ட்ரூஸ் 18இல் பந்து நேராகக் குழிக்குள் விழவில்லையாம். விளிம்பில் வந்து கொஞ்ச நேரம் நின்றதாம், அப்புறம்தான் விழுந்ததாம்.