கேடம்ப் "ஆக்டிவ்" என்கிறது, ஆனால் கிராஷ் ஆனபிறகு /வார்/கிராஷ் காலி

இரவுப்பணி:
வணக்கம். ரெட் ஹேட் 9 வகை லினக்ஸ் ஓடும் டேட்டாபேஸ் சர்வர் ஒன்று. மெமரி 384 ஜிபி, வட்டுகள் எல்லாம் ஒரு ரெய்டு கார்டுக்குப் பின்னால். இது அவ்வப்போது அப்படியே உறைந்து நிற்கிறது. சில நிமிடங்களில் தானாகவே ரீபூட் ஆகி எழுந்தும் விடுகிறது. லாகில் ஒன்றுமே இல்லை. கடைசி வரி வழக்கமான ஏதோ ஒன்று, அதற்கடுத்த வரி புது பூட். அதனால்தான் கர்னல் டம்ப் (கிராஷ் ஆகும் நேரத்து மெமரியின் நகல்) பிடிக்கலாம் என்று கேடம்ப் போட்டேன். கிராஷ் ஆனதும் இரண்டாவது கர்னல் ஒன்றை எழுப்பி அந்த நகலை எழுதும் சர்வீஸ் அது.

சர்வீஸ் நிலை "ஆக்டிவ்". /சிஸ்/கர்னல்/கெக்செக்_கிராஷ்_லோடட் கோப்பில் 1 இருக்கிறது. பராமரிப்பு நேரத்தில் சிஸ்ஆர்க்யூ-ட்ரிகரில் (கர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் கோப்பு) "சி" எழுதிக் கிராஷ் செய்து பார்த்தேன். திரை கறுத்தது, கொஞ்ச நேரத்தில் ரீபூட். /வார்/கிராஷ் காலி.

பூட் வரியில் கிராஷ்கர்னல்=192எம் (இரண்டாவது கர்னலுக்கு ஒதுக்கிவைக்கும் மெமரி). எங்கள் பழைய விர்ச்சுவல் மெஷின் டெம்ப்ளேட்டிலிருந்து வந்த வரி அது. கேடம்ப்.கான்ஃப் கோப்பில் மேக்டம்ப்ஃபைல் (டம்பை வடிகட்டிச் சுருக்கி எழுதும் கருவி) வரியை -எல் -டி 1 என்று வைத்திருக்கிறேன், எதுவும் விட்டுப்போகக்கூடாது என்பதற்காக. எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு சர்வருக்கு அனுப்பினால் சரியாகுமா?

சும்மா_ஒருவன்:
முதலில் டம்ப் வேறு எங்காவது விழுந்திருக்கிறதா பாருங்கள். கேடம்ப்.கான்ஃபில் டம்புக்கென்று தனி பார்ட்டிஷன் கொடுத்திருந்தால், "பாத்" என்ற வரி அந்தப் பார்ட்டிஷனுக்கு உள்ளிருந்துதான் கணக்கு. /கிராஷ் என்று ஒரு பார்ட்டிஷனை மவுண்ட் செய்து அதை இலக்காகக் கொடுத்து, பாத் வரியைத் தொடாமல் விட்டால், டம்ப் /கிராஷ்/வார்/கிராஷ் என்ற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். நிறையப் பேர் இதைத் தேடி அலைந்திருக்கிறார்கள்.

இரவுப்பணி:
இல்லை. தனி இலக்கு எதுவும் கொடுக்கவில்லை. ரூட் பார்ட்டிஷனிலேயே /வார் இருக்கிறது. காலி இடமும் தாராளம். ஃபைண்ட் போட்டும் பார்த்துவிட்டேன், விஎம்கோர் (டம்ப் கோப்பின் பெயர்) என்று எதுவும் இல்லை.

பழைய_ரூட்:
எஸ்எஸ்ஹெச் யோசனையை இப்போதைக்கு ஓரம் வையுங்கள். உள்வட்டிலேயே எழுத முடியாத இரண்டாவது கர்னலிடம் நெட்வொர்க் கார்டு, டிரைவர், ஐபி முகவரி எல்லாவற்றையும் சேர்த்துச் சுமத்தினால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

"ஆக்டிவ்", "லோடட் 1" இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான்: இரண்டாவது கர்னலும் அதன் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (எழுவதற்குத் தேவையான டிரைவர்கள், கருவிகள் அடங்கிய தொகுப்பு) ஒதுக்கிவைத்த மெமரியில் ஏற்றப்பட்டிருக்கின்றன. கிராஷ் ஆனதும் கெக்செக் (ஒரு கர்னலிலிருந்தே இன்னொன்றைத் தொடங்கும் வசதி) அந்தக் கர்னலுக்குத் தாவும். பயாஸ் வழியாகப் போகாது, அதனால்தான் பழைய மெமரி அழியாமல் இருக்கிறது. தாவியபிறகு அந்தக் கர்னல் தனக்குக் கிடைத்த 192 எம்பிக்குள் எழுந்து, ரெய்டு கார்டை எழுப்பி, ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்து, எழுதி முடிக்க வேண்டும். அதைச் செய்யுமா என்பதைச் சர்வீஸ் நிலை சொல்லாது.

192 எம்பி இந்த மெஷினுக்குப் போதாது என்றே நினைக்கிறேன். ரெட் ஹேட் 9-இல் இன்டெல், ஏஎம்டி சர்வர்களுக்கு இயல்பான ஒதுக்கீடு இப்படி: 1 முதல் 4 ஜிபி வரை 192 எம்பி, 4 முதல் 64 ஜிபி வரை 256 எம்பி, அதற்கு மேல் 512 எம்பி. ரெட் ஹேட் 8-இல் இருந்த "ஆட்டோ" 9-இல் கிடையாது, ஆகவே டெம்ப்ளேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதுதான் நிற்கும்.

ஆனால் என் ஊகத்தை நம்பி எண்ணை மாற்றாதீர்கள். முதலில் கண்ணால் பாருங்கள். பூட் வரியில் சீரியல் கன்சோலைச் சேர்த்து (கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200; சில மெஷின்களில் எஸ்1), மேலாண்மை போர்ட் வழியாக ஐபிஎம்ஐடூலின் (சர்வரின் மேலாண்மைச் சில்லோடு பேசும் கருவி) "சால் ஆக்டிவேட்" போட்டு உட்காருங்கள், சீரியல் கன்சோலில் வரும் எழுத்து எல்லாம் நெட்வொர்க் வழியாகத் தெரியும். இரண்டாவது கர்னலுக்கும் அந்த கன்சோல் அமைப்பு அப்படியே போகும். ரிமோட் திரையை நம்ப வேண்டாம். இரண்டாவது கர்னலில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் இருக்காது, கறுப்புத் திரைதான் தெரியும். உள்ளே என்ன கூத்து நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

அப்படியே, எவ்வளவு மெமரி ஒதுக்கலாம் என்று சொல்லும் "கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட்" ஓட்டி அது சொல்வதையும் இங்கே போடுங்கள்.

இரவுப்பணி:
எஸ்டிமேட் 512 எம்பி பரிந்துரைக்கிறது, இப்போது 192 என்று எச்சரிக்கையும் தருகிறது. சீரியல் கன்சோலில் பார்த்தபோது இரண்டாவது கர்னல் எழுந்தது உண்மை. ரெய்டு டிரைவர் ஏறும் இடத்தில் வரிசையாக "அவுட் ஆஃப் மெமரி", பிறகு பேனிக் (தொடர முடியாமல் கர்னல் தானே கைவிடுவது), ரீபூட்.

பழைய_ரூட்:
அதேதான். "கேடம்ப்சிடிஎல் ரீசெட்-கிராஷ்கர்னல் --கர்னல்=ஆல்" கொடுத்து ரீபூட் செய்யுங்கள். எழுந்ததும் /ப்ராக்/சிஎம்டிலைனைப் பாருங்கள். /சிஸ்/கர்னல்/கெக்செக்_கிராஷ்_சைஸ் கோப்பில் 536870912 இருக்க வேண்டும், அதுதான் 512 எம்பி. அங்கே 0 வந்தால் ஒதுக்கீடே நடக்கவில்லை என்று பொருள்.

512-உம் போதாத மெஷின்கள் உண்டு. ஃபைபர் சேனல் கார்டுகள் நிறைய இருந்தால் டிரைவர்களே மெமரியைத் தின்றுவிடும். அப்போது க்ரப்பி (பூட் வரியை மாற்றும் கருவி) கொண்டு 768எம் என்று கையால் போடலாம். தேவையில்லாமல் ஏற்றாதீர்கள், ஒதுக்கியது டேட்டாபேஸுக்குக் கிடைக்காது.

இரவுப்பணி:
முன்னேற்றம் இருக்கிறது! இப்போது /வார்/கிராஷுக்குள் தேதி போட்ட ஒரு அடைவு வந்தது. உள்ளே விஎம்கோர்-டிமெசெக்.டிஎக்ஸ்டி (கர்னல் செய்திகளின் உரைக்கோப்பு) முழுசாக இருக்கிறது. ஆனால் விஎம்கோர் இல்லை, "விஎம்கோர்-இன்கம்ப்ளீட்" மட்டும். கன்சோலில் சதவீதம் ஏறிக்கொண்டே இருந்தது, ஒற்றை இலக்கத்திலேயே மெஷின் சட்டென்று ரீபூட் ஆகிவிட்டது. பேனிக் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இடப் பற்றாக்குறையும் கிடையாது.

கர்னல்பூச்சி:
ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ரீபூட் ஆனால் அதை லினக்ஸ் செய்திருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் முதல் பதிவிலேயே ஒரு வரி உறுத்தியது: உறைந்து நிற்கும், சில நிமிடத்தில் "தானாகவே" ரீபூட் ஆகும். உறைந்த மெஷின் தானாக எப்படி எழும்? வெளியிலிருந்து யாரோ எழுப்புகிறார்கள். வாட்ச்டாக் மீது சந்தேகம்: குறித்த நேரத்துக்குள் யாரும் தட்டாவிட்டால் மெஷினை ரீசெட் செய்யும் கடிகாரம் அது. ஐபிஎம்ஐடூலில் "எம்சி வாட்ச்டாக் கெட்" என்றும், "செல் லிஸ்ட்" (மேலாண்மைச் சில்லின் நிகழ்வுப் பதிவு) என்றும் ஓட்டிப் பாருங்கள்.

இரவுப்பணி:
அடடா. வாட்ச்டாக் ஓடிக்கொண்டிருக்கிறது, செயல் "ஹார்ட் ரீசெட்". செல் பட்டியலில் ஒவ்வொரு ரீபூட் நேரத்திலும் "வாட்ச்டாக்2, ஹார்ட் ரீசெட்" பதிவாகியிருக்கிறது. நாங்கள் இதை இயக்கவே இல்லையே?

கர்னல்பூச்சி:
சர்வரோடு வரும் மேலாண்மை ஏஜென்ட் இயக்கியிருக்கும், அது வழக்கம்தான். ஏஜென்ட் ஓடும்வரை வாட்ச்டாக்கைத் தட்டிக்கொண்டே இருக்கும். கிராஷ் ஆனதும் ஏஜென்ட் போய்விடுகிறது, ஆனால் மேலாண்மைச் சில்லில் கடிகாரம் நிற்பதில்லை. இரண்டாவது கர்னலில் அதைத் தட்ட யாரும் இல்லை. நேரம் முடிந்ததும் ரீசெட். டம்ப் பாதி எழுதியிருந்தால் அதற்கென்ன கவலை.

இரண்டு வேலை செய்யுங்கள்.

முதலாவது, அந்த -டி 1 வேண்டாம். அந்த எண் எந்த மெமரிப் பக்கங்களை டம்பில் விட்டுவிடுவது என்று சொல்வது. 1 என்றால் பூஜ்யப் பக்கங்களை மட்டும் விடும். கேஷ் பக்கங்கள் 2, 4. யூசர் ப்ராசஸ் பக்கங்கள் 8. காலிப் பக்கங்கள் 16. எல்லாம் கூட்டினால் 31, அதுதான் இயல்பாக வரும் மதிப்பும். கர்னல் ஏன் விழுந்தது என்று தேடுபவருக்கு டேட்டாபேஸின் கேஷ் எதற்கு? 384 ஜிபியில் பெரும்பகுதியை அதுதான் நிரப்பியிருக்கும். 31 வைத்தால் கோப்பும் சுருங்கும், நேரமும் சுருங்கும். யூசர் பக்கங்களை விட்டுவிடுவதால் வாடிக்கையாளர் தரவு வெளியே போகும் அபாயமும் குறையும். முற்றிலும் போய்விடாது, சாவிகளும் கடவுச்சொல் துண்டுகளும் கர்னல் மெமரியிலும் இருக்கலாம். அதனால் விஎம்கோரைக் கண்டபடி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, இரண்டாவது கர்னலே வாட்ச்டாக்கை அணைக்கட்டும். கேடம்ப்.கான்ஃபில் எக்ஸ்ட்ரா_பின்ஸ் வரியில் ஐபிஎம்ஐடூல், எக்ஸ்ட்ரா_மாட்யூல்ஸ் வரியில் அதற்கு வேண்டிய டிரைவர்களான ஐபிஎம்ஐ_எஸ்ஐ, ஐபிஎம்ஐ_டெவ்இன்ட்எஃப். பிறகு கேடம்ப்_ப்ரீ வரியில், டம்புக்கு முன்னால் ஓடும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். அதில் "ஐபிஎம்ஐடூல் எம்சி வாட்ச்டாக் ஆஃப்" என்று ஒரு வரி, கடைசியில் எக்ஸிட் 0. அந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். ஸ்கிரிப்ட் பூஜ்யமல்லாத எண்ணோடு முடிந்தால் கேடம்ப் டம்பே எடுக்காமல் நேராக இறுதிச் செயலுக்கு (இயல்பாக ரீபூட்) போய்விடும். வாட்ச்டாக் அணையாவிட்டாலும் பரவாயில்லை, டம்பை முயலட்டும். மாற்றியபிறகு கேடம்ப் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இனிட்ராம்எஃப்எஸ் புதிதாகக் கட்டப்படும்.

சும்மா_ஒருவன்:
ஏஜென்டையே நிறுத்தினால் போதாதா?

கர்னல்பூச்சி:
போதும், ஆனால் நடு இரவில் மெஷின் உறைந்தால் எழுப்ப ஆள் வர வேண்டும். வாட்ச்டாக் இருப்பது நல்லதுதான். டம்ப் எடுக்கும்போது மட்டும் அது ஒதுங்கி நின்றால் போதும்.

இரவுப்பணி:
செய்துவிட்டேன். முழு விஎம்கோர் கிடைத்தது! வாட்ச்டாக் அணைந்ததும் கன்சோலில் தெரிந்தது. எல்லோருக்கும் மிக்க நன்றி. இனி அடுத்த முறை உறையும்போது டம்ப் தானாக விழும் அல்லவா?

பழைய_ரூட்:
விழாது. முக்கியமான இடம் இதுதான். நீங்கள் சோதித்தது பேனிக். உங்களுக்கு நடப்பது உறைதல். கேடம்ப் பேனிக்கில் மட்டும்தான் விழித்துக்கொள்ளும். உறைந்த கர்னல் பேனிக் ஆகவே இல்லை, வாட்ச்டாக் வந்து மின்சாரத்தைப் பிடுங்கியதுபோல ரீசெட் செய்துவிடும், தடயம் எல்லாம் போய்விடும். ஆகவே உறைதலைப் பேனிக்காக மாற்ற வேண்டும்.

சிஸ்சிடிஎல்லில் (கர்னல் அமைப்புகளை மாற்றும் இடம்) கர்னல்.சாஃப்ட்லாக்அப்_பேனிக்=1 வையுங்கள். ஒரு சிபியு 20 வினாடிக்கு மேல் கர்னலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டால் பேனிக் ஆகும். கர்னல்.அன்நோன்_என்எம்ஐ_பேனிக்=1-உம் வையுங்கள். அப்போது உறைந்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து "ஐபிஎம்ஐடூல் சேசிஸ் பவர் டயக்" கொடுத்தால் என்எம்ஐ (சிபியு புறக்கணிக்க முடியாத குறுக்கீடு) போய்ப் பேனிக் ஆகி, டம்ப் தொடங்கும். சில மெஷின்களில் அந்த என்எம்ஐ ஐஓ பிழையாக வந்து சேரும், அங்கே கர்னல்.பேனிக்_ஆன்_ஐஓ_என்எம்ஐ தேவைப்படும். எது உங்களுடையது என்பதை இதே பராமரிப்பு நேரத்திலேயே ஒருமுறை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

ஹங்_டாஸ்க்_பேனிக் பற்றி மட்டும் யோசித்துச் செய்யுங்கள். 120 வினாடி வட்டுக்காகக் காத்திருக்கும் ஒரு ப்ராசஸ் போதும், மொத்த சர்வரும் விழும். ஸ்டோரேஜ் மெதுவாகும் இடங்களில் நான் அதை வைக்க மாட்டேன். உங்கள் விஷயத்தில் ரெய்டு கார்டு மீதே சந்தேகம் என்றால் கொஞ்ச காலத்துக்கு வைத்துப் பார்க்கலாம்.

கர்னல்பூச்சி:
என்எம்ஐ அனுப்ப ஆள் வருவதற்குள் வாட்ச்டாக் முந்திக்கொள்ளுமே. ஏஜென்டுக்குப் பதிலாகக் கர்னலின் ஐபிஎம்ஐ_வாட்ச்டாக் மாட்யூலைப் பயன்படுத்தலாம். அதில் ப்ரீடைம்அவுட் உண்டு. ரீசெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு குறுக்கீடு கொடுத்துக் கர்னலைப் பேனிக் ஆக்கச் சொல்லலாம். யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை. ஏஜென்டின் வாட்ச்டாக்கை அணைத்துவிட்டுத்தான் இதை இயக்க வேண்டும், இரண்டும் ஒரே கடிகாரத்துக்குச் சண்டை போடக்கூடாது.

இரவுப்பணி:
ப்ரீடைம்அவுட் முயல்கிறேன். கடைசியாக இரண்டு சந்தேகம். கர்னல் அப்டேட் ஆனால் இதையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டுமா? டம்ப் விழுந்தபின் எதைப் பார்ப்பது?

பழைய_ரூட்:
அமைப்புகள் அப்படியே இருக்கும். புது கர்னலில் எழுந்ததும் கேடம்ப் தன் இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் தானே கட்டிக்கொள்ளும். ஒதுக்கீட்டு அளவை மட்டும் ஒருமுறை எஸ்டிமேட் போட்டுப் பாருங்கள். பெரிய அப்டேட் என்றால் சோதனை கிராஷும் ஒன்று.

விழுந்ததும் முதலில் டிமெசெக் உரைக்கோப்பைப் படியுங்கள், பாதிக் கேள்விக்கு அங்கேயே விடை இருக்கும். மீதிக்கு "கிராஷ்" கருவி. அதற்கு அதே பதிப்பின் கர்னல்-டீபக்இன்ஃபோ (டம்பைப் படித்தறியத் தேவையான தகவல் தொகுப்பு) வேண்டும், ஒரு எண் மாறினாலும் திறக்காது. அதனால் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உறைதல் என்றால் அதில் "லாக்", "பிடி" (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசையைக் காட்டும் கட்டளை) பார்த்துவிட்டு நேராக "ஃபார்ஈச் யுஎன் பிடி". எழுப்ப முடியாமல் காத்திருக்கும் ப்ராசஸ்கள் எல்லாம் எந்த ஃபங்ஷனில் நிற்கின்றன என்று காட்டும். எல்லாம் ரெய்டு டிரைவரின் வாசலிலேயே வரிசையில் நின்றால், அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள். விஎம்கோரைப் போடாதீர்கள்.